மிளகு மகாராஜாவின் மண்தட்டு

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று காலை பதினொன்றே காலுக்கு மிளகு மகாராஜா உறையூருக்கு எழுந்தருளினார். கோயம்புத்தூரிலிருந்து வாடகைக் காரில், பின் சீட் முழுவதையும் தாமே எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே வந்தாராம். கூடையை என் கையில் கொடுத்தபோது அந்த ஓட்டுநரின் முகத்தில், பெரும்போர் ஒன்றிலிருந்து ஒற்றைக் காலோடு தப்பி வந்தவனின் களை இருந்தது. அவருக்குக் காபி கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தார்.

மகாராஜா என்பது நான் கொடுத்த பட்டம். மற்றபடி அவன் சாம்பல் நிறத்தில் நாலு வயதுக் கடுவன் பூனை, பெயர் மிளகு. என் அக்கா மகள் மங்கையர்க்கரசி வளர்ப்பது. மங்கைக்கு இப்போது எட்டாம் மாதம். ஆவணியில் வளைகாப்பு; அது முடிந்த கையோடு பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். தாய்வீடு என்றால் என் வீடுதான். அக்கா போனபோது மங்கைக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோன ஒரு மாமா, இவ்வளவும் சேர்ந்ததுதான் அவளுக்குத் தாய்வீடு.

"எனக்கு முன்னாடி அவன் வந்து வீட்டுக்குப் பழகட்டும் மாமா. ரெண்டு பேரும் ஒண்ணா வந்து இறங்கினா உங்களால சமாளிக்க முடியாது" என்றாள். யாரைப் பார்த்துச் சொல்கிறாள்? முப்பத்தெட்டு வருடம் ஆட்டோவில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் கடை விளம்பரம் கூவி இந்த ஊரையே சமாளித்தவன் நான். நான் தொண்டையைத் திறந்தால் மலைக்கோட்டை அரை அங்குலம் நகரும். அளந்து பார்த்தவர் எவரும் இல்லை என்பதால் மறுத்துப் பேசவும் ஆளில்லை.

கூடையோடு, அவன் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக மண்தட்டு ஒன்று, சாக்கு மணல் இரண்டு, கிண்ணங்கள், சீப்பு, இந்த நோட்டு. முதல் பக்கத்தில் மங்கையின் கையெழுத்து:

"மாமா, தினமும் எழுதணும். என்ன சாப்பிட்டான், எவ்வளவு தண்ணி குடிச்சான், மண்ணுல எத்தனை தடவை போனான். போன வருஷம் இவனுக்கு மூத்திரம் அடைச்சுக்கிச்சு, மறந்துடாதீங்க. கோழிய வேக வச்சு அந்தத் தண்ணியோட குடுங்க. கதை வேண்டாம் மாமா. கணக்கு போதும்."

கதை வேண்டாமாம்! அரச சரித்திரம் எழுத உட்கார்ந்தவனிடம் மளிகைச் சீட்டு கேட்கிறாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மகாராஜா பீரோவுக்குப் பின்னால் தவத்தில் இருக்கிறார். நேற்று மதியம் போனவர், தரிசனம் கிடையாது. இரண்டு பச்சைக் கண்கள் மட்டும் தெரிகின்றன. கோழி வேகவைத்து, ஆறவைத்து, நூல் நூலாகக் கிழித்து, தரையில் குப்புறப் படுத்து நீட்டினேன். என் முட்டி எழுப்பிய சத்தத்தில் அவர் இன்னும் உள்ளே போய்விட்டார்.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா ஜெபமாலை எட்டிப் பார்த்தது. வாசலிலேயே கருவாட்டுக் கடை வைத்திருக்கிறது. உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அதனிடம் ஒரு பதில் உண்டு, பாதிக்குமேல் கருவாடு சம்பந்தப்பட்டது.

"என்ன நாயகண்ணே, பீரோகிட்ட சாஷ்டாங்கமா விழுந்து கெடக்கீங்க?"

"மகாராஜாவுக்குக் காணிக்கை செலுத்துறேன்."

"கோழியவா? பூனைக்கு யாராச்சும் கோழி குடுப்பாங்களா? இருங்க."

ஒரு துண்டு நெத்திலிக் கருவாட்டை எடுத்து வந்து கூடத்தின் நடுவில் போட்டது. நான் பத்து எண்ணுவதற்குள் மகாராஜா சிம்மாசனத்துக்கு வந்துவிட்டார்.

கருவாடு என்ற சொல்லை மேலே எழுதியது நானல்ல, பேனா.

ஆகஸ்ட் 9, சனி

கருவாடு. (பேனா.)

ஆடித் தள்ளுபடியின் கடைசி வாரம். காலை எட்டு மணிக்கு ஆட்டோவில் ஏறினால் இரவு எட்டுக்குத்தான் இறங்குகிறேன். காதர் ஓட்ட, நான் பேச, தில்லை நகரில் ஒரு வீட்டு அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே புடவை வாங்க ஓடிவந்தார். பால் மட்டுமா பொங்கியது, பக்கத்து மூன்று வீட்டுப் பாலும் சேர்ந்து பொங்கியது.

மாலை மகாராஜா என் தலையணையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பாய்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாப்பிள்ளை கௌதமன் போன் செய்தார். மங்கைக்குப் பிரஷர் ஏறியிருக்கிறதாம். கால் வீக்கமாம். ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள்.

"பயப்பட ஒண்ணும் இல்லீங்க மாமா. படுத்தே இருக்கோணும்னு சொல்லீட்டாங்க. மனசுக்கு எந்தச் சங்கடமும் வரக்கூடாதாமுங்க. நீங்களும் ஏதாச்சும்னா எங்கிட்டச் சொல்லுங்க, அவகிட்ட வேண்டாம்."

"சரிங்க மாப்பிள்ளை. நான் இன்னிக்கே பஸ் ஏறட்டுமா?"

"பூனைய யாருங்க பார்ப்பாங்க? அவ முதல்ல கேக்கறதே அதைத்தான்."

கோயம்புத்தூர் டாக்டர்கள் எல்லாம் மங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவே படுக்கையில் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவ்வளவு லட்சணம்.

அக்காவுக்கும் இரண்டாம் பிரசவத்தில் கால் வீங்கியது. இது பூனை நோட்டு. அந்த விவரத்துக்கு இதில் இடமில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மங்கையே பேசினாள். குரல் மெலிந்துதான் இருந்தது.

"மாமா, மிளகு எப்படி இருக்கான்?"

"அவனுக்கென்ன, நேத்து தெருமுனை நாய் ஒண்ணு ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துச்சு. இவன் ஒரு பார்வைதான் பார்த்தான். நாய் இப்போ திருவெறும்பூர் தாண்டிப் போயிட்டிருக்கு."

சிரித்தாள். சிரித்தாள்! அந்தச் சிரிப்புக்காக நாயை நான் தஞ்சாவூர் வரைக்கும் அனுப்பியிருப்பேன்.

"சரி சரி. ஒண்ணுக்கு ஒழுங்காப் போறானா?"

"காவிரிம்மா! கரைபுரண்டு ஓடுது. முக்கொம்புல மதகு திறக்கலாமான்னு என்னைக் கேட்டுட்டுப் போனாங்க."

"நிஜமா பார்த்தீங்களா?"

"பார்க்காம? நீந்தித்தானே வீட்டுக்குள்ளயே வர்றேன்."

மறுபடி சிரித்தாள். எனவே நோட்டிலும் பதிகிறேன்: இன்று காவிரி கரைபுரண்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கரைபுரண்டது. மங்கை கேட்டாள், சொன்னேன். ஆட்டோவில் பன்னிரண்டு மணி நேரம். தொண்டை கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

மகாராஜாவைப் போல ஒரு சுத்தக்காரனை மூன்று உலகத்திலும் பார்க்க முடியாது. மணல் மாற்றலாம் என்று இன்று மாலை மண்தட்டை இழுத்துப் பார்த்தேன். மண் புத்தம் புதிது! ஞாயிறன்று மாற்றிக் கொட்டியது கொட்டியபடி கிடக்கிறது. ஓரத்தில் ஒரு துளி ஈரம், அதுவும் பொட்டு வைத்த அளவுக்கு. ராஜவம்சம் என்றால் சும்மாவா? எனக்கும் ஒரு வேலை மிச்சம்.

தண்ணீர்க் கிண்ணமும் நிரம்பியே இருக்கிறது. சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும்படி வைத்திருக்கிறேன். இவ்வளவு சௌகரியம் எனக்கு யாரும் செய்ததில்லை.

இரவு சாப்பாட்டைத் தொடவில்லை. மண்தட்டில் ஏறி உட்கார்ந்தான், இறங்கினான், ஏறினான். புது விளையாட்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை. மண்தட்டில் உட்கார்ந்துகொண்டு கத்துகிறான். இது திட்டும் குரல் அல்ல. ஜெபமாலையைக் கூப்பிட்டேன்.

"முக்குது பாருங்கண்ணே. மலச்சிக்கல்தான். அஞ்சாறு நாளு கருவாடா தின்னிருக்கில்ல, வயிறு இறுகிப் போச்சு. விளக்கெண்ணெய் ஒரு ஸ்பூன் குடுங்க, அரை மணியில சரியாயிரும். எங்க வீட்டுல ஏழு பிள்ளைங்களுக்கும் மாசாமாசம் குடுத்து வளர்த்தேன்."

ஜெபமாலை பிடித்துக்கொண்டது, நான் ஊற்றினேன். என் கையில் ஆறு கீறல். (அறுநூறு என்று எழுத நினைத்தேன். ஆறுதான்.)

பதினோரு மணி. வயிறு போனது. போனபிறகும் மண்தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு மணி. வாந்தி. தூக்கினால் கத்துகிறான். வயிற்றின் அடிப்பக்கம் எலுமிச்சம்பழத்தை முழுங்கியதுபோல் உருண்டையாக, கல்லாக இருக்கிறது.

ஒன்றரை. காதரைக் கூப்பிட்டேன்.

மாலை, மிருக ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழுதுகிறேன்.

கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். ஒலிபெருக்கியை நிறுத்தக் காதர் மறந்துவிட்டான். வழியெல்லாம் என்னுடைய குரல்தான். 'ஓடி வாருங்கள், உறையூர் மக்களே! போனால் வராது, பொழுது போனால் கிடைக்காது!' மிளகு வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டான்.

"காதர், அந்த ஆளை வாயை மூடச் சொல்லு" என்றேன்.

"எந்த ஆள்ண்ணே?" என்று திரும்பிப் பார்த்தவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒயரைப் பிடுங்கினான்.

டாக்டர் பெயர் பர்வீன். சின்ன வயது. மிளகின் வயிற்றை ஒரு முறைதான் தொட்டார்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"

"ரெண்டு நாளா ஆயிரம் தடவை போறான் டாக்டர்."

"ஐயா, ஆயிரம் தடவை போனா ரொம்ப நல்லது. போனானா, போறதுக்கு உட்கார்ந்தானா? ரெண்டும் வேற."

நான் நோட்டை நீட்டினேன். வேறு எதை நீட்டுவது? அவர் பக்கத்தைத் திருப்பிப் படித்தார், சத்தமாக.

"'இன்று காவிரி கரைபுரண்டது.' இது பார்த்து எழுதினதா?"

"இல்லை."

"'கரைபுரண்டது. மங்கை கேட்டாள், சொன்னேன்.' இது?"

"இல்லை."

"'மண் புத்தம் புதிது.'"

"அது பார்த்தேன்."

"அது ஒண்ணுதான் நிஜமா?"

"ஆமாம்மா."

"அதுதான் ஐயா நோயே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

விஷயம் இதுதான். கடுவன் பூனைக்குச் சிறுநீர் வரும் வழி ஊசிக் காது மாதிரி. உப்புக் கருவாடு, குடிக்காத தண்ணீர், புது வீடு, வளர்த்தவளைக் காணாத ஏக்கம் எல்லாம் சேர்ந்து, உள்ளே மணல் போலப் படிந்து அடைத்துவிட்டது. விளக்கெண்ணெய் உடம்பில் இருந்த கொஞ்சத் தண்ணீரையும் வேறு வழியில் இறக்கிவிட்டது. நாளைக் காலை வரை விட்டிருந்தால் பூனை இல்லை.

உள்ளே எடுத்துப் போனார்கள். மயக்க ஊசி, பிறகு மெல்லிய குழாய். நான் பெஞ்சில் இருக்கிறேன். காதர் டீ வாங்கி வந்தான். ஆறிவிட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

குழாய் போட்டு அடைப்பை நீக்கிவிட்டார்கள். குழாயோடு ஒரு பை. பையில் சிவப்பாக, பிறகு மஞ்சளாக. முன்னங்காலில் ட்ரிப்ஸ். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூம்பு, குழாயைக் கடித்துவிடாமல் இருக்க. அவனும் ஒரு ஒலிபெருக்கி மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். அதற்குள்ளிருந்து சத்தம்தான் வரவில்லை.

டாக்டர் சொன்னபடி எழுதுகிறேன். காலை ஒன்பது மணி, பையில் 110 மில்லி. பன்னிரண்டு மணி, 70. மூன்று மணி, 65. நானே கண்ணால் பார்த்தது.

நாலு மணிக்கு மங்கை.

"மாமா, மிளகு எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"ஒண்ணுக்குப் போறானா?"

"போறான்."

"சரி மாமா" என்று வைத்துவிட்டாள். மாப்பிள்ளை சொன்னபடி எந்தச் சங்கடமும் கொடுக்காமல் பேசியாகிவிட்டது. நன்றாகத்தான் பேசினேன்.

ஆகஸ்ட் 16, சனி

காலை ஏழு மணிக்கே போன். மாப்பிள்ளையாக இருக்கும் என்று எடுத்தேன்.

"மாமா, மிளகு செத்துட்டானா?"

"ஐயையோ, என்னம்மா பேச்சு இது? யார் சொன்னா?"

"நீங்கதான். 'நல்லா இருக்கான்'னு சொன்னீங்க. பொறந்ததுலேர்ந்து நீங்க எனக்கு அப்படி ஒரு பதில் சொன்னதில்ல. ஒரு காய்ச்சல்னாக்கூட தெர்மாமீட்டர் வெடிச்சுப் போச்சும்பீங்க. எங்க அம்மா போன அன்னிக்குத்தான், நான் ஸ்கூல்லேர்ந்து வந்து கேட்டப்ப, 'நல்லா இருக்காம்மா'ன்னீங்க. ராத்திரி பூரா நான் தூங்கல மாமா."

எனக்கு அது நினைவில்லை. அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன்.

"உனக்குப் பிரஷர் ஏறும்னு மாப்பிள்ளை..."

"நீங்க கதை விட்டா எனக்குப் பிரஷர் ஏறாது. நீங்க கதை விடலன்னாதான் ஏறுது. சொல்லுங்க. வரிசையா."

வரிசையாகச் சொன்னேன். கருவாடு. காவிரி. மண். விளக்கெண்ணெய். குழாய். எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. இப்படிப் பேசுவது கல்லைத் தூக்கி இன்னொரு கல்மேல் வைப்பதுபோல் இருந்தது.

"நான் தினமும் கேட்டேன்ல மாமா?"

"கேட்டம்மா."

"ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கலையா?"

"பார்க்கல. நீ சிரிச்ச. அதுக்காகச் சொன்னேன்."

அவள் அழுதாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழக்கூடாது என்று அவளை அதட்ட அங்கே ஒரு நர்ஸாவது வரமாட்டாரா என்று இருந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"தண்ணி எங்க வச்சிருக்கீங்க?"

"சாப்பாட்டுக்குப் பக்கத்துலதான்."

"குடிக்கவே மாட்டான். சாப்பாட்டுக்குப் பக்கத்துல தண்ணி இருந்தா அவனுக்கு ஆகாது. பாத்ரூம் குழாய லேசாத் திறந்து சொட்டச் சொட்ட விடுங்க, கீழ ஒரு சொம்பு வைங்க. சொட்டறதைத்தான் நக்குவான். மண்தட்டு எங்க இருக்கு?"

"கூடத்து நடுவுல. காத்தோட்டமா."

"மாமா! கூடத்து நடுவுல உங்கள உட்காரச் சொன்னா நீங்க போவீங்களா?"

மண்தட்டை மாற்ற வேண்டும் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

"பீரோ மூலைக்குப் பக்கத்துல மறைவா வைங்க. இனிமே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் பண்ணி அவன் கணக்கைச் சொல்லணும். நான் என் கணக்கைச் சொல்றேன். எனக்கும் இங்க பிரஷர் எழுதறாங்க, ஒண்ணுக்கு அளக்கறாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்குது."

"இப்போ எவ்வளவும்மா பிரஷர்?"

"நூத்தி ஐம்பதுக்குத் தொண்ணூத்தாறு."

எழுதிக்கொண்டேன். 150/96. மிளகு: காலை எட்டு மணி, 60 மில்லி, தெளிவான மஞ்சள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. மத்தியானம் குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார் டாக்டர்.

"இனிமே அவனே போகணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போகலன்னா கூட்டிட்டு வந்துடுங்க. திரும்பக் குழாய் போடணும், இல்லன்னா ஆபரேஷன். உடம்பு அதுக்குத் தாங்குமான்னு பார்த்துத்தான் சொல்ல முடியும். எங்க போனாலும் பரவாயில்ல ஐயா. தரையிலயோ துணியிலயோ, போனா போதும். எவ்வளவுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்."

"கரெக்டாச் சொல்றேம்மா."

"தெரியும்" என்றார்.

தள்ளுபடிக் கடைக்காரர் அடுத்த வாரத்துக்குக் கூப்பிட்டார். பிள்ளையார் சதுர்த்தி விற்பனையாம். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். வீட்டில் உடம்பு சரியில்லை என்றேன். உங்களுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்.

குழாய் சொட்டுகிறது. கீழே சொம்பு. மண்தட்டு பீரோ மூலையில். தண்ணீரில் கரைத்த கோழி இரண்டு ஸ்பூன் நக்கினான். எட்டு மணி வரை மண் காய்ந்தே இருக்கிறது. மங்கைக்குச் சொன்னேன். அவள் 146/94.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை 6.00. மண் காய்ந்திருக்கிறது. தட்டில் ஏறினான், உட்கார்ந்தான், இறங்கினான். மங்கை 144/94.

8.00. ஒன்றும் இல்லை. சொட்டும் தண்ணீரை நக்கினான். எண்ணினேன், எழுபத்திரண்டு முறை. எழுபத்திரண்டேதான்.

9.30. ஜெபமாலை வந்தது. வாசலிலேயே நின்றது.

"நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ண்ணே. விளக்கெண்ணெய்னு சொன்னது நானு."

"ஊத்தினது நான். உள்ளே வா."

"இல்லண்ணே, கருவாட்டு வாடை எம்மேல அடிக்கும். பூனைப்பிள்ளை கேட்டு அழும்." வாசல்படியிலேயே உட்கார்ந்து ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தது. அதன் பெயரே அதுதான் என்று நான் வழக்கமாகச் செய்யும் கேலி வாயில் வரவில்லை.

10.00. காய்ந்திருக்கிறது. 144/92.

12.00. காய்ந்திருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கல்லாக இல்லை, ஆனால் நிரம்பியிருக்கிறது. டாக்டருக்குச் சொன்னேன். ஐந்து மணி வரை பார்க்கச் சொன்னார். மங்கைக்கும் சொன்னேன்.

"நிரம்பியிருக்குன்னா எவ்வளவு மாமா?"

"சின்ன வெங்காயம் அளவு."

"பொய்யில்லையே?"

"இல்லம்மா. நாட்டு வெங்காயம்."

2.00. தட்டில் மூன்று முறை உட்கார்ந்தான். மூன்றாம் முறை கத்தினான். இரண்டு துளி விழுந்தது. மண்ணைக் கையால் தொட்டுப் பார்த்தேன், இரண்டு துளிதான். ஆறு என்று சொல்லிவிடலாமா என்று போனை எடுக்கும்போது தோன்றியது. ரெண்டு என்றேன். "ரெண்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிரஷர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

3.15. அவனைக் கூடையில் வைத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படத் துண்டை எடுத்தேன். கூடைக்குள் போக மாட்டேன் என்றான். கூம்போடு என் மடியில் ஏறினான். மடியில் இடம் போதவில்லை, கூம்பு என் வயிற்றில் இடித்தது. நாலு முறை சுற்றிப் படுத்தான். இந்தப் பதினோரு நாளில் அவன் என் மடியில் படுத்தது இதுதான் முதல் தடவை. முதுகைத் தடவினேன். ஒரு கால் மணி பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன்.

அவனிடம் அக்காவைப் பற்றிப் பேசினேன். மங்கை எட்டு வயதில் மரத்திலிருந்து விழுந்ததையும் சொன்னேன். அந்த மரம் என்ன உயரமோ அந்த உயரம்தான் சொன்னேன், ஆறடி.

3.40. மடி சூடாக இருந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. அவன் தூங்கிக்கொண்டுதான் இருந்தான், காது மட்டும் ஆடியது. சூடு தொடைக்கு இறங்கியது. பிறகு முட்டிக்கு. நான் மூச்சையும் பிடித்துக்கொண்டேன். அசைந்தால் நின்றுவிடுமோ என்று பயம். தும்மல் வந்தது, அதையும் முழுங்கினேன். வாசற்படியில் இருந்த ஜெபமாலை என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றது.

"என்னண்ணே? என்ன ஆச்சு? அண்ணே!"

விரலை வாயில் வைத்துக் காட்டினேன். பாய் நனைந்து, தரைக்கு வந்தது. அப்புறம்தான் அவன் கண்ணைத் திறந்து, இது யார் செய்த காரியம் என்பதுபோல் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

"ஜெபமாலை, உன் தராசை எடுத்துட்டு வா."

"எதுக்கு?"

"டாக்டருக்குக் கணக்கு சொல்லணும்."

வேட்டியை மாற்றிக்கொண்டு, நனைந்ததைக் கருவாட்டுத் தராசில் வைத்தோம். பிறகு அதே கடையில் அதே நாளில் வாங்கிய, காய்ந்த ஜோடி வேட்டி. வித்தியாசம் நாற்பத்தைந்து கிராம். பாயில் போனது, தரையில் போனது எவ்வளவு என்று தெரியாது. தெரியாது என்றே எழுதிக்கொண்டேன்.

டாக்டர், "நாற்பத்தஞ்சு ரொம்ப நல்லது ஐயா. வர வேண்டாம். நாளைக்குக் காலையில பேசுங்க" என்றார்.

4.00. மங்கை.

"மாமா."

"வேட்டி நனைஞ்சிருச்சும்மா."

"என்ன?"

"என் மடியிலயே போயிட்டான். நாற்பத்தஞ்சு கிராம். தராசுல நிறுத்தாச்சு. ஜெபமாலை சாட்சி."

"ஆமா கண்ணு, நானும் பார்த்தேன்!" என்று ஜெபமாலை தெருவுக்கே கேட்கும்படி கத்தியது.

கோயம்புத்தூரில் ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தால் எப்படி இருக்கும் என்பதை இந்த நோட்டில் எழுத எனக்குத் தெரியவில்லை.

"நர்ஸ் இப்பதான் வந்துட்டுப் போனாங்க மாமா. நூத்தி முப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. இப்படியே இறங்கினா வர்ற வாரம் வீட்டுக்கு விடலாம்ங்கறாங்க."

"உங்க வீட்டுக்கா, நம்ம வீட்டுக்கா?"

"நம்ம வீட்டுக்கு. அவன் எங்க இப்ப?"

எழுந்து போய்ப் பார்த்தேன். பாத்ரூமில், குழாய்க்குக் கீழே கூம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தான். சொட்டு விழ விழ நக்கிக்கொண்டிருந்தான். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மங்கை காத்திருந்தாள். முப்பத்தெட்டு வருடத் தொண்டையைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. போனை அவன் வாய்ப்பக்கம் பிடித்தேன்.

மிளகு தண்ணீர் நக்கும் சத்தம் உறையூரிலிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் கேட்டது. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.